பீங்கான் ஓரத்துக் கரித்துண்டு

என்ட உடம்பே என்னை எதிரியெண்டு நினைச்சு அடிக்குதாம். லூபஸ் எண்ட வருத்தத்த கிளினிக்கில டொக்டர் இப்பிடித்தான் விளங்கப்படுத்தினார். கிருமியோட சண்டை பிடிக்க வேண்டிய பட்டாளம் ஆள்மாறி, மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் போட்டுத் தாக்குதாம். பக்கத்துல இருந்த என்ட அக்கா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுப்போட்டு, உன்ட வாய உன்ட உடம்புக்கே பொறுக்கல்லப் போலகா எண்டா. டொக்டருக்குச் சிரிப்பு வந்திச்சு. எனக்கு வரல்ல.

மறுகா அவர் சிரிப்ப நிப்பாட்டிட்டு விசயத்துக்கு வந்தார். சிறுநீர்ல புரதம் போகுது. உப்பைக் குறைக்கோணும், வெயில்ல நிக்கக் கூடாது, மருந்துக் குளிச ஒரு நேரமும் தவறக் கூடாது. அடுத்த கிளினிக்குக்கு வரக்குள்ள புரதம் இன்னும் கூடியிருந்தா, ஊசி விட்டுச் சிறுநீரகத்துல ஒரு துண்டெடுத்துப் பாக்கோணும், அதுக்குப் பொறகு மருந்தும் கடுமையாகும். துண்டெண்டு சொன்னதோட அக்கா கதிரைய விட்டு எழும்பிட்டா. பஸ்ஸுல வீடு வந்து சேருமட்டும் ஒரு கதையும் இல்ல. எங்கட அக்கா பஸ்ஸுல வாய் திறக்காம வாறதெண்டா செத்தவீட்டுக்குப் போற நேரம் மட்டும்தான். அதைப் பாத்துத்தான் எனக்கும் நல்லாப் பயம் பிடிச்சிச்சு.

எங்கட ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில. இந்தப் பக்கத்துல வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளையளுக்குத்தான் எழுதுறது. அதால அக்காட வீடும் என்ட வீடும் ஒரே வளவுக்குள்ள முதுகோட முதுகு ஒட்டிக் கிடக்கு. நான் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிக்கிறன். என்ட மனிசன் கட்டார்ல வேலை செய்யிறார். ஆகவே என்னைச் சமைச்சுப் போட்டு மேய்க்கிற பொறுப்ப, ஆரும் குடுக்காமலே அக்கா எடுத்துக்கொண்டா.

வெயிலுக்குத் தப்புறதுதான் முதல் கூத்து. காத்தான்குடியில ஒரு கடையில முழங்கைக்கு மேல வாற கையுறை வாங்கினன். தொப்பி, முகத்துக்குத் துணி, கறுப்புக் கண்ணாடி, குடை எல்லாம் சேத்து நான் சைக்கிள்ள போனா, எங்கட கோயில் ஃபாதரே ஆரோ வெளியூர்ப் பொம்புளையெண்டு ஒதுங்கி வழி விட்டார். பூசை முடிஞ்சு வாசல்ல வெச்சு அவருக்கு நான் ஆரெண்டு சொல்ல வேண்டியதாப் போச்சு. குளிசையால முகம் வேற பூசணிக்காய் மாதிரி ஊதிப்போய்க் கிடந்திச்சு. வருத்தம் பாக்க வந்த சனமெல்லாம் பிஸ்கட் டின்னோட வந்து, நீ நல்லா மினுமினுப்பாத்தானே இருக்கா எண்டு சொல்லிட்டுப் போனாங்கள். ஒவ்வொருத்தர் போனதும் அக்கா பின்னால நிண்டு உப்பெடுத்து என்னைச் சுத்தி அடுப்புல போட்டா. உப்பைக் குறைக்கச் சொன்ன வீட்டுல உப்பு முடிஞ்ச வேகத்தக் கண்டா டொக்டர் மயங்கி விழுந்திருப்பார்.

அக்காட பெரிய பயம் கண்ணூறு, ஆர்ட கண்ணாவது பட்டிருமெண்டு. ஃபாதர் பிரசங்கத்துல இதெல்லாம் மூடநம்பிக்கையெண்டு சொன்ன நாள், அவருக்கென்ன, அவருக்கு லூபஸ் இல்லத்தானே எண்டு சொல்லிப்போட்டுப் போய் ஆக முதல் ஆளா நற்கருணை எடுத்தா.

இந்த நேரத்துலதான் எங்கட ஸ்கூல் ரீச்சர் ஒராள் போன்ல ஒரு ஆப் போட்டுத் தந்தா. நீண்ட கால வருத்தக்காரருக்கு சாப்பாடு, நித்திரை, நடை எல்லாத்துக்கும் வழி சொல்லித்தாற ஆப். அதுக்குள்ள எனக்கெண்டு ஒரு பயிற்சியாளரும் இருந்தா. கொழும்பில இருந்து கதைக்கிற சின்னப் புள்ள. என்னை மிஸ் எண்டுதான் கூப்பிடுவா. குளிச விசயத்துல டொக்டர் சொல்றதுதான் சட்டம், நான் அதுல கை வைக்கமாட்டன் எண்டு முதல் நாளே சொல்லிட்டா. அதால அந்தப் புள்ளைய எனக்குப் பிடிச்சிச்சு. வெயில் ஏற முதல் வாவிக்கரையால நடக்கச் சொன்னா, நடந்தன். நேரத்துக்குப் படுக்கச் சொன்னா, படுத்தன். மூண்டு நேரமும் சாப்பிட முதல் சோத்துப் பீங்கானைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னா. அங்கதான் பிசகிச்சு.

எங்கட வளவுல ஒரு பழக்கம் இருக்கு. சமைச்ச சாப்பாடு தெருவால போகுதெண்டா, அதோட ஒரு கரித்துண்டும், கொச்சிக்காயெண்டு நாங்க சொல்ற காஞ்ச மிளகாய் ஒண்டும் போகோணும். அப்ப ஆர்ட கண்ணும் அதுல விழுந்திராது. அடுத்த தெருவுக்குப் போற இறைச்சிக்கறிக்கே காவல் வேணுமெண்டா, கொழும்பு வரைக்கும் போற படத்துக்கு வேணாமா? அக்காட கேள்வி இதுதான். நான் கணக்குப் படிப்பிக்கிறவள், எனக்கே அதுல பிழை பிடிக்க ஏலாமப் போச்சு. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், அவிச்ச மீன், எல்லாத்துக்கும் ஓரத்துல பளபளவெண்டு ஒரு சிரட்டைக் கரித்துண்டு. பக்கத்துல கொச்சிக்காய். படம் எடுத்து முடிய அக்கா ரெண்டையும் பத்திரமாத் தூக்கி வெச்சிருவா.

கொஞ்ச நாள்ல அந்த ஆப் எனக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கிச்சு. நான் காலைச் சாப்பாட்டோட ஒரு சொக்லேட், பகலைக்கு ஒண்டு, இரவைக்கு ஒண்டெண்டு தின்னுறனாம். வாழ்க்கையில கண்ணால காணாத சொக்லேட்டுக்கு நான் ஏச்சு வாங்கினன். பயிற்சியாளர் புள்ளையும் நயமாத்தான் கேட்டுது, மிஸ், சொக்லேட்டைக் கொஞ்சம் குறைப்பமா எண்டு. வெக்கத்துல உண்மையச் சொல்லிட்டன். அது சொக்லேட் இல்ல, சிரட்டைக் கரியெண்டு எழுதி அனுப்பினன். அதோட நிப்பாட்டினதுதான் மடத்தனம். பள்ளிக்கூட மணி அடிச்சிட்டுது, நான் போனை மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டன்.

திரும்பி வந்து பாத்தா போன் அழைப்பால நிறைஞ்சு கிடக்கு. அந்தப் புள்ள பதறிப்போச்சு. எப்ப இருந்து மிஸ் கரி சாப்பிடுறீங்க, இரத்தம் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் இப்பிடி மண், கரி தின்ன ஆசை வரும், கரி குளிசைய உடம்புல சேர விடாமப் பிடிச்சு வெச்சாலும் வைக்கும், டொக்டருக்குச் சொல்லியே ஆகோணும் எண்டு மூச்சு விடாமச் சொன்னா. நான் தின்னல்ல, படத்துக்கு மட்டும்தான் வைக்கிறதெண்டன். படத்துக்குக் கரி வைக்கிற ஆளை அவ அதுக்கு முதல் கண்டதில்லப் போல. சமைக்கிறவங்களோட நான் கதைக்கோணும் மிஸ் எண்டா.

வீடியோவில கதைக்கிறதெண்டதும் அக்கா பூசைக்குக் கட்டுற சாறியக் கட்டி, சீப்பால தலை இழுத்து, பவுடர் போட்டு வந்து போனுக்கு முன்னால குந்தினா. அந்தப் புள்ள வாய் திறக்க முதல், சாப்பிட்டீங்களா மகள் எண்டு கேட்டா. பகல் தாண்டி வெகு நேரம். இன்னும் இல்ல அன்ரி, நிறையப் பேர்ட சாப்பாட்டுப் படம் பாக்கக் கிடக்கு, ஒரு பணிசும் பிளேன்ரீயும் வெச்சிருக்கன் எண்டு அந்தப் புள்ள காட்டிச்சு. அக்கா என்னைத் திரும்பிப் பாத்த பார்வைய நான் மறக்கமாட்டன்.

"பாத்தியாகா? பசியோட பாக்கிற கண்ணுதான் பொல்லாத கண். இந்தப் புள்ள பட்டினி கிடந்துகொண்டு மூண்டு நேரமும் உன்ட சோத்தப் பாத்திருக்கு."

எனக்கு நிலம் பிளந்து உள்ள போகலாம் போல இருந்திச்சு. அக்கா விடல்ல. இனி நீங்க முதல் உங்கட பீங்கானைக் காட்டுங்க, மறுகா நான் இவள்ட பீங்கானைக் காட்டுறன், அப்ப கரி தேவையில்ல எண்டு சட்டம் போட்டா. அந்தப் புள்ள சிரிச்சுக்கொண்டே ஓம் எண்டிச்சு. ஆனா தானும் ஒண்டு கேட்டிச்சு. நீங்க எவ்வளவு உப்புப் போடுறீங்க அன்ரி எண்டு. அக்காட முகம் மாறிப்போச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு தொடங்கினவ, பாதியில நிப்பாட்டி, படம் எடுத்து முடிய சோத்துக்கு அடியில ஒரு கருவாட்டுத் துண்டு வைக்கிறதையும், பாவம் வாய்க்கு ருசியில்லாம இருக்காளே எண்டுதான் வெச்சதெண்டும் தானாச் சொல்லிட்டா. புள்ள ஏசல்ல. கருவாட்டுல இருக்கிற உப்பு என்ட சிறுநீரகத்துக்கு என்ன செய்யுமெண்டு ஆறுதலா எடுத்துச் சொல்லிச்சு. உப்புக்குப் பதிலா தேசிக்காய்ப் புளியும் மிளகும் போடலாமெண்டும் சொன்னா. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குசினிக்குள்ள போனா. பின்னேரம் கருவாட்டுப் பானை வேலிக்கு அங்கால அயல் வீட்டுக்குப் போச்சு, வழக்கப்படி கரித்துண்டோட.

அதுக்குப் பொறகு நடந்ததுதான் கூத்து. ஒவ்வொரு பகலும் முதல் கொழும்புப் பீங்கான் வரும். அக்கா கண்ணாடி போட்டுப் பாத்து, மரக்கறி எங்க மகள், பருப்பு எங்க, இதென்ன எலிக்கு வெச்ச மாதிரிக் கொஞ்சம் எண்டு குரல் பதிவு அனுப்புவா. அதுக்குப் பொறகுதான் என்ட படம் போகும். ஆர் ஆருக்குப் பயிற்சியாளரெண்டு எனக்கே குழம்பிப்போச்சு. அந்தப் புள்ளைட கன்னம் கொஞ்சம் நிரம்பிச்சு. என்ட கன்னம் கொஞ்சம் வத்திச்சு. கால் வீக்கமும் இறங்கினது மாதிரித்தான் தெரிஞ்சிச்சு. ஆனா புரதம் கால்ல தெரியாது, போத்தல்லதான் தெரியுமெண்டு எனக்குத் தெரியும். கிளினிக் கிட்டக் கிட்ட வர, வகுப்புல நானே கூட்டலைப் பிழையாப் போட்டன்.

கிளினிக் நாளண்டு காலையில சிறுநீர்ப் போத்தலை அக்காதான் பைக்குள்ள வெச்சுக் கட்டினா. ஆசுபத்திரியில நேர்ஸ் மிஸ் பையைத் திறந்தா, போத்தலுக்குப் பக்கத்துல ஒரு கரித்துண்டும் காஞ்ச கொச்சிக்காயும். எனக்குக் காது சுட்டிச்சு. கல்லடிப் பாலம் தாண்டி வாறதுதானே மிஸ் எண்டா அக்கா, எந்தக் கூச்சமும் இல்லாம. நேர்ஸும் இந்தப் பக்கத்துப் பொம்புள. போத்தலை எடுத்துக்கொண்டு, கரியையும் கொச்சிக்காயையும் அக்காட கையில பத்திரமாத் திருப்பிக் குடுத்தா.

முடிவு வந்து என்ட பேரைக் கூப்பிட்ட நேரம் அக்கா உள்ள வரமாட்டன் எண்டுட்டா. போன முறை நான் உள்ள வந்ததாலதான் அந்த மனிசன் துண்டெண்டு சொன்னார், நீ தனியப் போ எண்டு வெளியில மர வாங்குல இருந்திட்டா. நான் போனன். டொக்டர் தாளைப் பாத்தார், திரும்பவும் பாத்தார். எனக்கு அந்தக் கொஞ்ச நேரத்துல செபம் கூட முழுசா வரல்ல. புரதம் நல்லாக் குறைஞ்சிருக்கு, துண்டெடுக்கிற கதை இப்ப வேணாம், குளிசையையும் கொஞ்சம் குறைச்சுப் பாப்பம், இதே மாதிரிச் செய்யுங்க எண்டார். இதே மாதிரியெண்டா என்னெண்டு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பார்.

வெளியில வந்து அக்காட்டச் சொன்னன். துண்டெடுக்கத் தேவையில்லையாம்.

அக்கா பொத்திப் பிடிச்சிருந்த கைய மெல்லத் திறந்தா. அவ்வளவு நேரமும் நசிச்சிருக்கா. கரி தூளாப்போய் உள்ளங்கை முழுக்க மையாக் கிடந்திச்சு.

"உன்னில ஒரு துண்டும் குறைய விடமாட்டன்டி."

சொல்லிப்போட்டு, சனம் நிறைஞ்ச அந்த வராந்தாவுல, விரலால அந்தக் கரிய எடுத்து, குழந்தைப் புள்ளைக்கு வைக்கிற மாதிரி என்ட கன்னத்துல ஒரு பொட்டு வெச்சா. தொப்பியும் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட கணக்கு ரீச்சர் நான், அந்தப் பொட்டோட பஸ் ஏறினன். பாலம் தாண்டக்குள்ள முகத்தைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினன். கொஞ்ச நேரத்துல பதில் வந்திச்சு. மிஸ், இது சொக்லேட் இல்லயெண்டு தெரியும், புரதம் குறைஞ்சிட்டுதுதானே? ஓம் எண்டு எழுதினன். எதிர் சீற்றுல இருந்த குழந்தைப் புள்ள ஒண்டு என்ட முகத்தப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே வந்திச்சு. ஊர் வருமட்டும் நான் அந்தப் பொட்டைத் துடைக்கல்ல.