மைல்சாமி

ஓட்டல் வாசலில் ஒரு பழைய மைல்கல்லை நட்டு, ‘வெள்ளையர் காலச் சின்னம்’ என்று பலகை வைத்திருந்தார்கள். குனிந்தேன். எழுத்தின் பள்ளத்தில் இன்னும் நல்லெண்ணெய் வாடை. எங்கள் மைல்சாமிதான்.

பர்மாவில், மாவ்பி ஊரில் சாலை போட வந்த தமிழ்க் கூலிகள், வெள்ளைக்காரன் நட்ட கல்லை எல்லைச்சாமி என்று நம்பி மஞ்சள் பூசினார்கள். காய்ச்சலில் செத்த என் தாத்தாவை அதன் காலடியில்தான் புதைத்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளிதோறும் அப்பா அதற்கு எண்ணெய் ஊற்றுவார். பர்மாக்காரியான அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, “மாமாவுக்குத் தல காயுது, நல்லா ஊத்துங்க” என்பாள். அந்தக் கல்லைத் தவிர தாத்தாவுக்கு வேறு அடையாளம் இல்லை.

சாலையை அகலமாக்கியபோது கல் காணாமல் போனது; அது நின்ற இடமும் தெரியாமல் போனது. இப்போது படுக்கையில் கிடக்கும் அப்பா தினமும் கேட்கிறார்: “என்னையும் எங்கப்பன் பக்கத்துல பொதச்சிருவல்ல?”

“ஊலே, தொடாதீங்க பெரியவரே” என்று பர்மிய மொழியில் அதட்டினான் காவலாளி.

“இத எந்த எடத்துல தோண்டினாங்க தம்பி? அத மட்டும் சொல்லு.”

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

கல்லைப் பிடித்து உலுக்கினேன். அது ரங்கூனில் நின்றுகொண்டே, ரங்கூனுக்கு இன்னும் முப்பது மைல் என்றது.