காடிஸிலிருந்து வந்த போத்தல்

நாங்கள் இருவரும் சேர்ந்து போன ஒரேயொரு உல்லாசப் பயணம், சாப்பிடுவதற்கென்றே போனது. ஸ்பெயினில் காடிஸ் என்ற கடற்கரை நகரம். அங்கே ஒரு கிழமை, ஏழு நாளும், நான் மீனும் இறாலும் வைனுமாக வயிறு முட்டச் சாப்பிட்டேன். என் மனைவி பாணும் தக்காளியும் ஒலிவ் காயும் சாப்பிட்டாள். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாகக் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்த எனக்குக் கிடைத்த வேலை, சென்-லோரன் தெருவில் ஒரு ஸ்பானிய உணவகத்தில் கோப்பை கழுவுவது. கழுவும் தொட்டியிலிருந்து வெங்காயத்துக்கும், வெங்காயத்திலிருந்து அடுப்புக்கும் மெல்ல மெல்ல நகர்ந்தேன். முதலாளி காடிஸ்காரர். அங்கே நடந்த பழைய சர்வாதிகார ஆட்சிக்குப் பயந்து ஓடிவந்து, பல வருஷம் ஊர் திரும்ப முடியாமல் இருந்தவர். அரைகுறை பிரெஞ்சும் அடுப்படி ஸ்பானிஷும் கலந்து நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் யாரையும் லேசில் மதிக்கமாட்டார், என்னை மதித்தார்.

பின்னால் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டேன். கோட்-டெ-நேஜில் ஒரு மூன்றாம் மாடி வீடு. அவள் வந்து குளிர் பழகும் முன்பே ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. சந்தைக்குப் போன அவளுடைய தம்பியை இராணுவ ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவரும் இல்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

எங்கள் வீடுகளில் மச்சம், அதுதான் மீன், இறைச்சி, சமைக்கிற சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அன்று அவள் மச்சச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, கடதாசியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி வந்து சேருமட்டும் நான் மச்சம் வாயிலை வைக்கமாட்டன். அம்மனுக்கு நேர்ந்திட்டன்" என்றாள். "உங்களுக்கு வேணுமெண்டால் கடையிலை சாப்பிடுங்கோ."

அவனுடைய படம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. மீசை அரும்பிய முகம், படம் பிடிக்கிற கடைக்காரன் இரவல் கொடுத்த கோட். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு எங்களிடம் வந்த ஒரு அக்கா, கையில் இருந்த பூவை என்ன நினைத்தாவோ அந்தப் படத்தின் முன்னால் வைத்துவிட்டா. மனைவி எழுந்து போய் அந்தப் பூவை எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டாள்.

"அவன் இருக்கிறான் அக்கா" என்றாள்.

"குறை நினையாதையும் பிள்ளை, தெரியாமல் வைச்சிட்டன்" என்று அந்த அக்கா தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனா.

அவன் உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த மாதிரித்தான். அதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளோ வருஷத்துக்கு வருஷம் வற்றிக்கொண்டு போனாள். தையல் ஆலையிலிருந்து வந்து சோற்றையும் பருப்பையும் கடமைக்கு விழுங்குவாள். அவள் ஆசையோடு ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் முதலாளி காடிஸுக்குப் போகச் சொன்னபோது உடனே தலையாட்டினேன். "நீ சமைக்கிற சாப்பாட்டை அதன் ஊரில் நீ ருசித்ததே இல்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடு, குடி, பிறகு வந்து சமை" என்றார். அவருடைய தங்கை அங்கே ஒரு சிறிய விடுதி வைத்திருந்தா. ஜூலைக் கடைசியில் மொன்றியல் பாதி ஊர் விடுமுறையில் போகும், எங்கள் உணவகமும் மூடியிருக்கும். கனடா தந்த பயணப் புத்தகத்தில், எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது என்று போட்டிருந்தது. மனைவி அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

காடிஸில் எந்தத் தெருவால் நடந்தாலும் கடைசியில் கடல்தான். காலையில் மீன் சந்தைக்குப் போவோம். மச்சம் தொடாதவள் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது உடன் மீன். இதைச் சாப்பிடுங்கோ. அது நேற்றையான்" என்று எனக்குக் காட்டித் தருவாள். மத்தியானம் மரப் பீப்பாக்கள் அடுக்கிய ஒரு தவறணையில் போய் இருப்போம். கடதாசிச் சுருளில் பொரித்த மீன் வரும், உள்ளிப்பூண்டு போட்டு வதக்கிய இறால் வரும், குளிர்ந்த வெள்ளை வைன் வரும். நான் இத்தனை நாள் சமைத்தது வெறும் நிழல் என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அவள் மட்டும் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பரிசாரகருக்கு அது பெரிய அவமானம். முட்டைப் பொரியல் கொண்டுவந்தார். அதுவும் வேண்டாம் என்றதும், வயிற்றுக் கோளாறாக்கும் என்று ஏதோ ஒரு பூத் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒரு இறால். ஒரேயொரு இறால் சாப்பிடும். அம்மன் கண்ணை மூடிக்கொள்ளுவா."

"அம்மன் மூடுவா. நான் மூடமாட்டன்" என்றாள்.

அன்று மாலை விடுதியில் சாப்பிட உட்காரப்போன என்னை, முதலாளியின் தங்கை கையைப் பிடித்து வேறு கதிரைக்கு நகர்த்தினா. மேசையின் தலைமாட்டில் இருந்த அந்தக் கதிரையில் ஆரும் இருப்பதில்லையாம். அது அவவுடைய தகப்பனுடையது. அவ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், வீட்டுக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தாய் சாகும்வரைக்கும் அந்தக் கதிரைக்கு முன்னால் வெறும் தட்டொன்றை வைத்துவந்தாவாம்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பிடித்துப் பிடித்து விளங்கிக்கொண்டு, அதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான், ஏன் தொடங்கினேன் என்று இருந்தது. ஆனால் அவள் விடவில்லை.

"அவருக்குக் கோயிலிலை ஒண்டும் செய்யேல்லையோ? கேளுங்கோ."

கேட்டேன். இறந்தவர்களுக்குச் செய்யும் பூசையைத் தாய் கடைசிவரை செய்யவிடவில்லையாம். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படிச் செய்வது என்று கேட்பாவாம். தாய் கண்ணை மூடிய பிறகுதான் பிள்ளைகள், தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்தார்கள். "அப்பா அவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு அவ சூப்பை எடுத்து வந்தா.

"எங்கடை எட்டு மாதிரி" என்றாள் மனைவி. எங்கள் ஊரில் ஒருவர் செத்து எட்டாம் நாள், அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் அவருக்குப் படைப்போம். அதைத்தான் சொன்னாள்.

மறுநாள் கடற்சுவரில் இருந்தபோது கேட்டாள்.

"நான் சாப்பிடாமல் இருக்கிறது அவனுக்காகத்தானே?"

"ஓம்."

"அவன் இல்லையெண்டால், அவனுக்கு இவ்வளவு நாளும் ஆர் சாப்பாடு வைச்சது?"

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன்.

"அப்ப அவன் பசியோடையெல்லோ இருப்பான்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாதிரி உசாராகிவிட்டாள். இறாலுக்கு எவ்வளவு உள்ளி, எந்த எண்ணெய், எப்போது இறக்குவது என்று பரிசாரகரைக் கேட்கச் சொல்லி என்னைப் படுத்தினாள். வைனையும் விடவில்லை. "கள்ளு மாதிரிப் புளிக்குமோ, சாராயம் மாதிரி எரிக்குமோ?" என்று கேட்டாள். இரண்டுக்கும் இடையில் என்றேன். கடைசி நாள் தானே தெரிவு செய்து ஒரு போத்தல் வாங்கினாள். முதலாளிக்காக்கும் என்று நினைத்தேன். பாவி மனம், அவள் ஒருவழியாக உல்லாசப் பயணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று சந்தோஷமும் பட்டது. போத்தலைச் சீலையில் சுற்றி, விமானத்தில் மடியில் வைத்தபடியே வந்தாள்.

மொன்றியலுக்கு வந்த முதல் ஞாயிறு, தங்கை கொடுத்துவிட்ட இனிப்புப் பெட்டியோடு முதலாளி வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். போத்தலையும் எடுப்போம் என்று கை நீட்டினேன்.

"அது இருக்கட்டும். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள்.

திரும்பி வந்து மூன்றாம் மாடி ஏறும்போதே மணம் வந்தது. உள்ளியும் எண்ணெயும் காடிஸ், அதன் மேல் எங்கள் மிளகாய்த்தூள். கதவைத் திறந்தேன். அடுப்பில் மச்சச் சட்டி இருந்தது.

முன்னறையில் தம்பியின் படத்தைக் கீழே இறக்கிச் சுவரோடு சாய்த்திருந்தாள். நெற்றியில் சந்தனப் பொட்டு. தெருமுனைக் கடையில் வாங்கிய பூக்களைத் தைக்கிற நூலில் கோத்து மாலை போட்டிருந்தாள். வாழையிலைக்கு எங்கே போவது, அலுமினியத் தாளை விரித்திருந்தாள். சோறு, மீன் குழம்பு, இறால். பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறைய அந்த வைன். கற்பூரப் புகைக்குக் கத்திவிடாமல் கூரையில் இருந்த புகைமணியின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள்.

"நீங்கள் அவனுக்கு அத்தான். நீங்கள்தான் கொளுத்த வேணும்" என்றாள்.

குளித்துவிட்டு வந்து கற்பூரம் கொளுத்தினேன். அவள் அந்தத் தாளைச் சுற்றித் தண்ணீர் தெளித்தாள். "சாப்பிடு ராசா. அக்கா பிந்திப்போனன்" என்று சொல்லித் தரையில் விழுந்து அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கண்டதில்லை. நானும் அழுதேன். எங்களை எவரும் வந்து தேற்றவில்லை. எங்களுக்கு எவரும் தேவைப்படவும் இல்லை.

அழுது முடிந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். படைத்ததிலிருந்து ஒரு இறாலை எடுத்து உரித்தாள். வாயில் வைத்து மெல்ல மென்றாள். படைக்கிற சாப்பாட்டைச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது, அவளும் பார்த்திருக்கவில்லை.

"எனக்கு ருசி ஒண்டும் தெரியேல்லை. உப்புக் காணுமோ, இன்னும் போடவேணுமோ?" என்று கேட்டு, எனக்கும் ஒன்று உரித்துத் தந்தாள்.

வாயில் போட்டேன். சமையல்காரன் நான், எனக்குத் தெரியாதா? உப்பே போடவில்லை.

"காணும்" என்றேன்.