அப்பா டாக்டரிடம் கேட்ட கேள்விகள்

அப்பாவுக்குக் காது கேட்காது. எனக்கு எட்டு வயதானதிலிருந்து டாக்டர்கள் சொல்வதை அவருக்குச் சைகையில் சொல்வது நான்தான்.

இன்று தென்காசியில் இருதய டாக்டரைப் பார்க்க வேண்டும். கெட்ட செய்தியை என் கையாலேயே எப்படிச் சொல்வது என்று பயந்து, சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன்.

செயலாளர் அண்ணாச்சி காலையிலேயே போய் டோக்கன் போட்டுவிட்டார். தலைவி ஜமீலா அக்கா இலஞ்சியில் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

"நீ மவளா மட்டும் இரும்மா. பேசுதது எங்க வேல," என்றார்.

அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா அதை நிதானமாகச் சைகையில் சொன்னார். நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பா அழவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார். அக்கா ஒன்றையும் விடவில்லை.

"வலிக்குமான்னு கேக்காவ. சீசன் முடியுததுக்குள்ள ஐந்தருவில குளிக்கலாமான்னும் கேக்காவ."

டாக்டரே சிரித்துவிட்டார். "மொதல்ல ஸ்டென்ட் வைப்போம். அருவி எங்கயும் போவாது."

வெளியே வந்ததும் அப்பா என்னிடம் சைகையில் கேட்டார்: "டாக்டர்மார் இவ்வளவு பேசுவாங்களா? நீ எப்பவும் 'மாத்திரை சாப்பிடணுமாம்'னு மட்டும்தானே சொல்லுவே?"

அண்ணாச்சி, அக்கா இருவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. என்னைப் போலச் சுருக்கிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள்.