மேல்மலையில் ஒரு வெளிப்பாடம்

"தரம் ஐந்து மாணவர்களுக்கு மேல்மலையில் வெளிப்பாடம். விருந்தினர் வருகை. இனிதே நிறைவுற்றது." ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் லொக் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். திகதி எழுதிய ஓரம் ஈரத்தில் போய்விட்டது. தேறினால் நகரப் பாடசாலையில் இடம் கிடைக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த காலம் என்பதால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். 'இனிதே' என்பதைத்தான் ஏற்பதற்கில்லை.

விருந்தினர் என் சித்தி, அம்மாவின் தங்கை. கனடாவின் கிழக்குக் கரையில், மிக்மாக் என்னும் பழங்குடி மக்களின் ஊர்ப் பாடசாலையில் வேலை செய்பவர்; விடுமுறையில் வந்திருந்தார். அந்த மக்களின் பாட்டன்மார் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கியவர்களாம். இப்போது பேரப்பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய், மீனையும் மரத்தையும் காட்டி, அதே மொழியில் பெயர் சொல்லிக்கொடுக்கிறார்களாம். இங்கும் ஒருநாள் அப்படிச் செய்யலாம் என்றார் சித்தி. அதிபர் தலையாட்டினார். கனடாவிலிருந்து வந்தவரிடம் வேறெப்படி நடந்துகொள்வார்.

மலையில் சித்திக்கு வேலை அதிகமிருக்கவில்லை. புல், பூண்டு, பறவை, எதைக் காட்டினாலும் நாங்கள் முந்திக்கொண்டு பெயர் சொன்னோம். அதன் பிறகு செய்ததுதான் பிழை. கொழுந்துக் கூடைகள் சிலவற்றை இரவல் வாங்கி, கயிற்றை எங்கள் தலையில் மாட்டிவிட்டார். எங்களுக்குக் கொண்டாட்டம். வகுப்புப் பையன் ஒருவன் இடுப்பில் கைவைத்துக் கங்காணியானான்.

"என்னா தங்கச்சி, கூடையில அடிகூட மறையல. ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா இதைப் பார்த்துவிட்டார். வேலையை விட்டு வந்தால் அரைப்பேர் அவருக்குத்தான் விழும், ஆனாலும் வந்தார். என் தலையிலிருந்த கயிற்றைக் கழற்றிக் கூடையைக் கீழே வைத்தார். எறியவில்லை.

"இவ கண்டி ஸ்கூலுக்குப் போகணும்னு நான் கெடந்து அல்லாடுறேன். நீ என்னான்னா கூடைய மாட்டுற."

"பாடந்தான்க்கா. அங்க புள்ளைங்க காட்டுலதான் படிக்கிறாங்க."

"அது அவங்க காடு. இது யாரு மலை?"

காலையிலிருந்து கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியிருந்ததால் நான் முந்திக்கொண்டேன். "தொரையோட மலை."

சரியான விடைதான். யாரும் பாராட்டவில்லை. சித்தி எங்களை வரிசையாக நிறுத்தி இறக்கிக்கொண்டு போனார். அம்மா திரும்ப ஏறினார். நல்ல விளையாட்டு ஒன்று கெட்டுப்போனது என்பதுதான் அன்று எனக்கு விளங்கியது.

பரீட்சையில் தேறிக் கண்டிக்கு வந்தேன். அம்மா அதே மலையில் ஓய்வுபெற்றார். அந்த மிக்மாக் மக்களின் காட்டிலும் பெரும்பகுதி எப்போதோ பிறர் கைக்குப் போனது என்றும், ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமைக்கே அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது என்றும் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அங்கே வேலை செய்த சித்திக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. "அவங்க காடும் அப்படித்தான்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தொலைபேசியில் கேட்டேன். அப்படியொரு நாள் ஞாபகமில்லை என்கிறார். அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தாரா, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாரா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.