கொக்கு இல்லாத வயல்

எங்கள் வீட்டுக்குப் பரம எதிரி கொக்குதான். அப்பா வாத்து மேய்த்தார். அறுப்பு முடிந்த வயலில் மந்தையை இறக்கினால் சிந்திய நெல், நத்தை, புழு என்று கிடைத்ததையெல்லாம் தின்று வாத்துகள் முட்டையிடும். அந்த முட்டையை விற்று நாங்கள் சாப்பிடுவோம். வாத்தின் எச்சம் அடுத்த நடவுக்கு உரமாகும். இந்தப் பந்தியில் அழைக்காமல் வந்து உட்காருவது கொக்கு. தன் வாத்துக்குச் சேர வேண்டிய நத்தையை அது விழுங்குவதைப் பார்த்தால் அப்பாவுக்கு வயிறு எரியும். மண்ணாங்கட்டியை எறிந்து விரட்டுவார், நானும் கூடவே எறிவேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, தீபாவளி லீவு. சுருளிப்பட்டிப் பக்கம் அடுத்த நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ஒன்று இருப்பதாகவும் வாத்தை இறக்கிக்கொள்ளலாம் என்றும் வயல்காரர் போனில் சொன்னார். காலையிலேயே ஓட்டிக்கொண்டு போனோம். சுற்றியிருந்த வயல்களில் எல்லாம் கொக்குகள் நின்றன. அந்த வயலில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தியாலே, ஒரு கொக்கு இல்ல. அம்புட்டும் நம்ம வாத்துக்குத்தேன்.”

கொக்கு அசைகிற இரையைத் தேடி வரும். அந்த வயலில் எதுவும் அசையவில்லை. நத்தைகள் செத்து மிதந்தன. வாத்துகளுக்கு அது வேலை மிச்சம். ஆசை ஆசையாக அள்ளித் தின்றன.

மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப் போட்டன. அம்மா ஓடி ஓடித் தூக்கி, அலகைப் பிரித்துப் புளித்தண்ணீர் ஊற்றினாள். அவள் மடியிலேயே செத்தன. அப்பா வயல்காரருக்குப் போன் போட்டார். அவர் அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். போனை வைத்த அப்பா அம்மாவிடம் சொன்னார்:

“நடப்போற நாத்தைக் கடிச்சிரும்னு நத்தைக்குத்தேன் மருந்து போட்டாகளாம். வாத்துக்கு இல்லையாம்.”

பொழுது சாய்வதற்குள் மந்தையே போய்விட்டது. எங்களுக்கு அதைவிட்டால் வேறு எதுவும் கிடையாது. பிறகு அம்மா ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். அப்பா மறுபடி வாத்து வாங்கவே இல்லை.

அன்று அடுப்புப் பற்றவைக்க யாருக்கும் தோன்றவில்லை. தங்கச்சி பசியில் சிணுங்கினாள். வாத்துக்காரர் பிள்ளைகள் என்றுதான் பேர், வாத்துக்கறி எங்களுக்கு ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான். நான் ஒரு வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கினேன்.

“யம்மா, ஒண்ணே ஒண்ணு ஆக்கும்மா.”

அப்பா அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை.

“தொடாதலே! போ, கையக் கழுவு.”

ஓடைக்கரையில் இடுப்பளவு குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். காக்கை வந்தது, பருந்து வந்தது, நாய்கள் வந்தன. வாத்து மேய்க்கும் கம்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விரட்டினார். அந்த விஷம் இன்னொரு வயிற்றுக்குப் போய்விடக் கூடாது என்று ஒற்றை ஆளாகக் காவல் நின்றிருக்கிறார். எனக்கோ கன்னம் எரிந்தது. செத்ததைக்கூட நாய்க்குக் கொடுக்க மனசில்லாத கஞ்சன் என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

அவரும் மனிதர்தானே, எப்போதோ கண்ணயர்ந்துவிட்டார். விடிந்தபோது குழியின் ஒரு ஓரம் பறிக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு செவலை நாய் நுரை தள்ளிக் கிடந்தது. அதற்கும் அப்பால் யாரோ வளர்க்கும் குட்டி நாய் ஒன்று, கழுத்தில் சிவப்புக் கயிறோடு.

வாத்துகள் செத்தபோது கல்லாக நின்றவர், அந்தக் குட்டியின் பக்கத்தில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யார் வீட்டு நாய்க்கோ இவர் எதற்காக இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.