தலை வைக்கும் பக்கம்

எஸ்தர்ராணி ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததும் தன் புறங்கையை அவர் உடம்பில் மூன்று இடங்களில் வைத்து எடுப்பார். இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை. படுக்கைப்புண் வருவதற்கு முன்னால் தோல் சிவக்கும் என்றுதான் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம். "நம்ம சனங்க கருத்த உடம்பு அண்ணாச்சி. அது எங்க செவக்கப் போவுது? சுடும். தொட்டாத்தான் தெரியும்" என்பார். பத்தொன்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிச் சட்டங்கள் காய்ந்துவிட்டனவா என்று புறங்கையை ஒட்டினாற்போல் கொண்டுபோய்ப் பார்த்த பழக்கம். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவர்.

குளத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவர். லாரியில் கிளீனராக இருந்த கணவர் முதுகில் அடிபட்டு எட்டு மாதம் கிடையில் கிடந்து, முதுகுப் புண்ணிலேயே போய்விட்டார். அதைப் பற்றி எஸ்தர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். "நாந்தான் பாத்துக்கிட்டேன் அண்ணாச்சி. ஆனா எப்படிப் பாக்கணும்னு தெரியாம பாத்துக்கிட்டேன்." அந்த வருத்தம்தான் அவரைத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்த பராமரிப்பு இல்லத்தில் கொண்டுவந்து விட்டது. ஆறு மாதப் பயிற்சி, பிறகு ஆண்கள் கூடத்தில் உதவியாளர் வேலை.

தொண்ணூற்றெட்டில் என் அப்பா உக்கிரபாண்டியை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மணியாச்சிப் பக்கம் தண்டவாளத்தில் முப்பத்துநாலு வருஷம் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நானோ உரக்கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் இருட்டியபிறகுதான் இறக்குவேன். மனைவி எட்டயபுரத்தில் டீச்சர். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்பதை நாசூக்காகச் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது, எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. சொந்தக்காரர்களுக்கு நன்றாகவே வந்தது. "பாண்டியராஜன் அவங்க அய்யாவ ஆஸ்டல்ல சேத்துட்டானாம்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். இலையில் போட்ட அப்பளத்தை நொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இல்லம் ஒன்றும் மோசமில்லை. கூடத்தில் பதினாறு கட்டில், இந்தச் சுவரோரம் எட்டு, எதிர்ச் சுவரோரம் எட்டு. மூத்திர வாடை கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு, தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள். பொறுப்பு நர்ஸ் ரூபி கண்டிப்பானவர். தினமும் ஒரு பையன் வந்து கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தான். மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி நடக்கவைத்து அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். அப்பா மறுபடி நடப்பார் என்று வெளியாள் வாயால் கேட்ட அன்று, கடைக்குத் திரும்பாமல் புதுரோடு டீக்கடையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டே வாரத்தில் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. அப்பா கட்டிலில் நேராகக் கிடக்கவில்லை. நேராகப் படுக்கவைத்து அந்தப் பக்கம் திரும்பினால், நல்லாயிருந்த இடது காலை மெத்தையில் உதைத்து உதைத்து, உடம்பையே ராட்டினமாகச் சுற்றிக் குறுக்கே கிடப்பார். தலை ஒரு பக்கக் கம்பியில் முட்டும், கால் மறுபக்கம் வெளியே தொங்கும். உணர்வில்லாத வலது இடுப்பு விரிப்பில் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. முதலில் ஒரு ரூபாய் அளவு, அப்புறம் உள்ளங்கை அளவு.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தப் புண் எலும்பத் தொட்டுட்டா நடக்கிற பேச்சே வேண்டாம். உயிருக்கே ஆபத்து" என்றார். அந்த இடது காலை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டிவைக்கச் சம்மதம் கேட்டு ரூபி ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா ஏன் அப்படி உதைக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். என் மேல் கோபம். கொண்டுவந்து தள்ளிவிட்டானே என்ற ஆத்திரத்தில் கட்டிலை விட்டு இறங்கிப் போகப் பார்க்கிறார். அவர் கண்ணைப் பார்க்கத் துணிச்சலில்லாமல், தலைமாட்டில் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு ஓடிவருவேன்.

கால் கட்டும் துணியை எடுத்துக்கொண்டு வரவேண்டியவர் எஸ்தர். அவர் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ரூபியிடம் போய் நின்றாராம். "சிஸ்டர், எனக்கு ஒரு நாள் குடுங்க. அவிய எதுக்கு உதைக்காவன்னு தெரியாம கட்டுனா, நாளைக்கு அடுத்த கால வச்சு உதைக்கப் பாப்பாவ." அடுத்த காலில்தான் அசைவே இல்லையே என்றார் ரூபி. "அதான் சிஸ்டர், அதுக்கு முன்னால தெரிஞ்சுக்கிடணும்லா" என்றாராம் எஸ்தர். ரூபி ஒரு நாள் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு ஊட்டி முடித்து, கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் எஸ்தர். ஒரு வேலையும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அப்பா வழக்கம்போல் உதைத்துச் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் எஸ்தருக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. அப்பா இருந்த வரிசையில் மற்றவர்களும் சரியாகப் படுக்கவில்லை. ஒருவர் தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். ஒருவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். எதிர் வரிசையில் எட்டுப் பேரும் நீட்டி நிமிர்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு அடுத்த கட்டில் கண்ணுசாமி நாயக்கர், எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்தவர். உட்கார்ந்து தூங்கியவர் அவர்தான். எஸ்தர் அவரைத் தட்டி எழுப்பினார்.

"நாயக்கரே, ஏன் படுக்க மாட்டேங்கீய? இடுப்பு வலிக்கா?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. வடக்க தல வச்சு எவன் படுப்பான்?"

"ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நீங்க வேதக்காரவுக, சொன்னா சிரிப்பீய. ஒரு மாசந்தான, உக்காந்தே கழிச்சிருவோம்னு இருந்துட்டேன். பக்கத்துல பாவம், அவராலதான் உக்காரவும் முடியல, சொல்லவும் முடியல."

இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீடுகளில் இதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, அதனால் தோன்றவில்லை. எனக்கு எங்கே போச்சு புத்தி? பிறந்ததிலிருந்து வடக்கே தலை வைக்காதவன் நான். கட்டிலைப் பார்த்தேன், மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தேன், கக்கூஸைக்கூட எட்டிப் பார்த்தேன். திசையைப் பார்க்கவில்லை. நடைவழி இரண்டு தடவை வளைந்ததில் எனக்குத் திக்குத் தெரியவில்லை. படுத்துக்கிடந்த அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் ரயில் போகும் சத்தத்தை வைத்தே அவர் கணக்குப் போட்டிருப்பார்.

எஸ்தர் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "ஐயா, கட்டிலத் திருப்பிப் போடட்டுமா? தெக்க தல வச்சுப் படுக்கீயளா?" என்று கேட்டார். அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லையாம்.

ரூபி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அழைப்பு மணியின் சுவிட்சு சுவரில் இருக்கிறது, குளுக்கோஸ் கொக்கி அங்கே இருக்கிறது, தலை நடைவழிக்கு வந்தால் எப்படி என்று அடுக்கினார். எஸ்தர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொன்னார். மணிக்கான வழி என் தலையில் விழுந்தது. "சைக்கிள் மணி ஒண்ணு வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி, கட்டில் கம்பில மாட்டிருவோம்" என்று கடைக்கு ஆள் சொல்லி அனுப்பினார். நான் போனபோது கட்டில் திரும்பியிருந்தது. காலைக் கட்டவிருந்த துணி, கட்டாமலே, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், வாயைப் பிளந்துகொண்டு, நேர்கோடு மாதிரி.

"உங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி. தெச மேலதான் கோவம்" என்றார் எஸ்தர். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் என் உடம்பிலும் எங்கோ புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. அந்த வரிசையில் கேட்டவர்களுக்கெல்லாம் கட்டில் திரும்பியது. இரண்டு பேர் எப்படியிருந்தாலும் சரி என்றார்கள், அவர்களுடையது அப்படியே இருந்தது. நாயக்கர் நீட்டிப் படுத்தார். சேர்க்கும்போது எழுதும் தாளில், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் கீழே, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பவர் என்ற கேள்வியை ரூபியே தன் கையால் சேர்த்தார். மூன்று மாதம் என்றது ஆறு மாதமானது. அப்பா கம்பு ஊன்றி எழுந்து நின்றார், நடந்தார், குழறலாகப் பேசவும் ஆரம்பித்தார்.

வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் நான் எல்லாவற்றையும் பக்காவாகச் செய்திருந்தேன். பின்னறையில் சத்தம் சந்தடி இல்லாத இடத்தில் புதுக் கட்டில், தலைமாடு தெற்கே, கம்பியில் புது சைக்கிள் மணி. வழித்துணைக்கு வந்த எஸ்தரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா கம்பை ஊன்றி அறை வாசலிலேயே நின்று கட்டிலைப் பார்த்தார்.

"தெக்க வச்சது சரி" என்றார். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. "எங்க போடணும்னு... என்கிட்ட கேட்டியாலே?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போடட்டும்ப்பா?" என்று கேட்டேன்.

அவர் கம்பை உயர்த்தி முன்னறை ஜன்னலைக் காட்டினார். தெருவும், தெருவுக்கு அப்பால் ரயில் பாதையும் தெரியும் ஜன்னல். நானும் எஸ்தரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம்.