உங்க ஊர் ஆறு

தேவசிகாமணி பாளையங்கோட்டைக் காலேஜ்ல தமிழ் வாத்தியார். ஆத்துத் தண்ணியில முங்கி வளந்த கல்லிடைக்குறிச்சிக்காரரு. வாயத் தொறக்கவே அந்த மனுசனுக்குச் சோம்பல். பலகையில ஒத்த வரிய எழுதிப் போட்டுட்டு மூக்குப்பொடி போட உக்காந்துருவாரு. எவ்வளவு எழுதணும், எதுக்கு மார்க்குன்னு மூச்சு விட மாட்டாரு. கேட்டா, "காலேஜுக்கு வந்தவனுக்குச் சோத்த ஊட்டியா விடணும்?"ம்பாரு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தெட்டுல ஒருநாள், "உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி வரைக"ன்னு எழுதிப் போட்டாரு. அவரு மனசுல இருந்தது தாமிரவருணி. சாத்தான்குளத்து நேசையா எந்திரிச்சான். பனையேறி மவன். மார்க்கு கொறஞ்சா மிஷன்ல குடுக்க உதவி நின்னுபோவும், படிப்பும் அத்தோட சரி.

"ஐயா, எந்த ஆறு?"

"உங்க ஊர் ஆறு தெரியாதாலே ஒனக்கு? உக்காந்து எழுதுலே."

அவனும் எழுதுனான். எங்க ஊர்ல ஆறு கெடையாது, தேரிமணலும் பனையுந்தான், குடத்தோட கெணத்தடியில பொம்பளைங்க காத்துக் கெடப்பாங்கன்னு உள்ளத எழுதுனான். தேவசிகாமணிக்கு மண்டைக்கு ஏறிட்டு. "கொழுப்பு"ன்னு சைபரப் போட்டாரு. மிஷன்ல உதவிய நிறுத்திட்டாங்க. பய துணிமணியச் சுருட்டிக்கிட்டு ஊரப் பாக்கப் போயிட்டான்.

மறுவருசம் ஒரு கல்யாணத்துக்குச் சாத்தான்குளம் போனாரு வாத்தியாரு. காலெல்லாம் செம்மண்ணு. கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஜெபகனி கால் கழுவ அரைச் செம்புத் தண்ணி குடுத்தா.

"இன்னொரு செம்பு ஊத்துங்கம்மா."

"ஆறா ஓடுது எங்க ஊர்ல? பாத்துக் கழுவும். இப்படித்தான் காலேஜ்ல ஒரு வாத்தி, இல்லாத ஆத்த எழுதச் சொல்லி என் மவன் நேசையாவ வெரட்டிவிட்டான்."



"அது நான்தாம்மா. பையன வரச் சொல்லுங்க. மார்க்கத் திருத்திப் போடுதேன். மிஷன்லயும் நானே பேசுதேன்."

"அவன் படிப்பத்தான் தீத்துவிட்டீரே, இனி எதத் திருத்தப் போறீரு? தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் புடிக்க வந்த கங்காணியோட கண்டிக்குக் கப்பலேறிட்டான். அங்க மூட்டை சுமக்கான்." மிச்சத் தண்ணிய முருங்கை மூட்டுல ஊத்திட்டு உள்ள போயிட்டா.

"வாலே, நான் பாத்துக்கிடுதேன்"னு கங்காணி மூலமா நேசையாவுக்குச் சொல்லிவிட்டாரு வாத்தியாரு. அதுக்கப்புறம் அவரு பொடிமட்டையத் தொடல, பலகை நெறைய எழுதுனாரு. "உங்க ஊர்ல தண்ணி எங்கருந்து வருது? ஆறோ, குளமோ, கெணறோ, உள்ளத எழுதுங்க. ரெண்டு பக்கம். உள்ளதச் சொன்னாப் பாதி மார்க்கு, தெளிவாச் சொன்னா மீதி."

கூட வேல பாத்த வைத்தியலிங்கம், "என்னவே, பால்குடிப் பிள்ளையளுக்கா பாடம் எடுக்கீரு?"ன்னு சிரிச்சாரு.

"ஒத்த வரியில ஒருத்தனக் கண்டிக்கு ஏத்திட்டேன் வே."

அஞ்சாறு மாசங் கழிச்சு ஜெபகனி காலேஜ் வாசல்ல வந்து நின்னா. வாத்தியாரு ஓடி வந்தாரு. "வாரானாம்மா?"

"வரல. உம்மகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்னன்னு?"

"அவன் இருக்க தோட்டத்துக்குக் கீழ பெரிய ஆறு ஓடுதாம். இப்ப வேணா எழுதச் சொல்லுங்கங்கான்."